ஹென்றியின் கம்பியில்லா போனும் அருள்நாதனின் மீசையும்

அருள்நாதனுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது ஒரு மீன் தலைக்காக.

ராயபுரத்தில் மாமியார் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் சவரிமுத்து காசிமேட்டில் ஏலத்துக்குப் போகும் முன்பே பேசி எடுத்து வந்த கொடுவா, குழம்பில் கிடந்தது. கொடுவாத் தலை மூத்த மருமகனுக்கு என்பது அந்த வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஃப்ளோரன்ஸைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அது அருள்நாதன் தட்டில்தான் விழுந்து வந்தது. அன்றைக்கும் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மாமியார் ஆலிஸ் தலையைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தாள். கரண்டி அவனைத் தாண்டிப் போய் ஹென்றியின் தட்டில் இறங்கியது.

"கப்பல்ல துன்னு துன்னு நாக்கு செத்துப் பூட்டு வந்துகீது புள்ள. இன்னிக்கு ஒரு நாளு அது துன்னட்டும் மாப்ளே. நீங்க எப்பவும் துன்றவருதான?"

"அதுக்கின்னா அத்தே" என்றான் அருள்நாதன். பறித்த குழியில் வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

ஹென்றி அவனுக்குச் சகலை. ஃப்ளோரன்ஸின் தங்கை ஐரீனைக் கட்டியவன். கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. அருள்நாதனுக்கும் கப்பலில்தான் வேலை, ஆனால் கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நின்ற பிறகுதான். வின்ச் ஓட்டுகிறவன். எவ்வளவு பெரிய கப்பலானாலும் இவன் நெம்புகோலை இழுத்தால்தான் மூட்டை மேலே வரும். ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்கு ஜப்பானும் தெரியாது, சிங்கப்பூரும் தெரியாது. ஹென்றிக்கு எல்லாம் தெரியும். அதோடு அவன் சிரித்த முகம். அதுதான் பெரிய பேஜாரு.

சாப்பிட்டு முடித்ததும் ஹென்றி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தான். உள்ளே செங்கல் அளவுக்கு இரண்டு கறுப்பு டப்பாக்கள். தலையில் இழுத்தால் நீளுகிற ஏரியல். பக்கத்தில் ஒரு பொத்தான். கம்பி கிடையாது, சுழற்ற நம்பர் கிடையாது.

"இன்னாப்பா இது, ரேடியோவா?" என்றார் சவரிமுத்து.

"போனு மாமா. கம்பியில்லாத போனு. ஒண்ணு உங்க வூட்ல, ஒண்ணு எங்க வூட்ல. அமுக்கினா பேசலாம், வுட்டா கேக்கலாம்."

அது எழுபத்துநாலாம் வருஷம். அந்தத் தெருவில் போன் என்றால் மருந்துக்கடையில் ஒன்று, விசைப்படகு முதலாளி வீட்டில் ஒன்று. அவசரத்துக்குப் போய் நின்றால் மருந்துக்கடைக்காரர் யார் செத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ரிசீவரைத் தொடவே விடுவார். இப்போது ஹென்றி ஒரு டப்பாவோடு தெருக்கோடிக்கு நடந்தான். வீட்டுக்குள் இருந்த டப்பாவில் கரகரவென்று அவன் குரல் வந்தது. "அத்தே, குழம்பு சூப்பர்." ஆலிஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அருள்நாதன் தன் மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த மீசைக்குத் துறைமுகத்தில் பேர் உண்டு. அதைவிட, தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கம் அவன் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. குடும்பத்தில் முதல் டிரான்சிஸ்டர் அதுதான். சவரிமுத்து வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போவார். "பெரிய மாப்ளே வூட்டு ரேடியோ" என்று தெருவெல்லாம் சொல்வார். இனிமேல் சொல்ல மாட்டார்.

ஹென்றி போனைக் கொண்டு வந்தது வித்தை காட்ட இல்லை. ஐரீன் முழுகாமல் இருந்தாள். போன வருஷம் ஒன்று தங்காமல் போயிற்று. பிள்ளை பிறக்கும்போது ஹென்றி நடுக்கடலில் இருப்பான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்வரை அவள் மாடி அறையில் தனியாக இருக்க வேண்டும். வலி கிலி என்றால் ஒரு பொத்தான், அம்மா ஓடி வந்துவிடுவாள். இரண்டு தெருதான்.

கிளம்புவதற்கு முன் ஹென்றி எல்லாருக்கும் பாடம் நடத்தினான். ஈரக் கையோட தொடாதீங்க. இடி மின்னல் நேரத்துல ஏரியலை இழுக்காதீங்க. பேசி முடிச்சா கட்டையைக் கழட்டி வச்சிடுங்க. பழசும் புதுசும் கலந்து போடாதீங்க. பேசறதுக்கு முந்தி, அந்தப் பக்கம் பக்கத்துல யாரு இருக்காங்கன்னு கேட்டுக்குங்க, ஏன்னா இது ஊருக்கே கேக்கற மாதிரி பேசும். லைசென்சு கெடையாது, அதனால ஜன்னல்ல வச்சிப் பேசி போலீஸ்காரன் கண்ணுல படாதீங்க.

டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் போடுகிற பேட்டரியை அங்கே கட்டை என்றுதான் சொல்வார்கள். ஹென்றி சிவப்புச் சட்டை போட்ட ஃபாரின் கட்டைகளை ஒரு பெரிய பொட்டலமாகக் கட்டி அருள்நாதன் கையில் கொடுத்தான்.

"அண்ணே, இத நீதான் வச்சிக்கணும். ஐரீன் கையில குடுத்தா ஒரே வாரத்துல பேசியே காலி பண்ணிடுவா. ஷிப்ட் முடிஞ்சி போற வழியில பாத்து மாத்தி வுடு. உன்ன நம்பித்தான் போறேன்."

"போய்ட்டு வா, நான் கீறேன்ல" என்றான் அருள்நாதன். மனசுக்குள் அவனுக்கு எழுந்தது வேறு. மூத்தவன் நான். இவன் பொம்மைக்குக் கட்டை போடுகிற வேலையா எனக்கு?

பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டு போனான். அன்று சாயங்காலமே சிவப்புக் கட்டையைத் தன் டிரான்சிஸ்டரில் போட்டுப் பார்த்தான். அளவு கச்சிதம். பாட்டு தெருமுனை வரை கேட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, ரேடியோ புச்சா?" என்றார்.

"அதே ரேடியோதான். கட்டை ஃபாரினு" என்று காலை ஆட்டிக்கொண்டு சொன்னான் அருள்நாதன்.

அதன் பிறகு அந்த ரேடியோ ஓயவில்லை.

ஹென்றியின் கப்பல் போய் ஐரீனுக்கு ஏழாம் மாதம் பிறக்கிற சமயத்தில், அந்த வயசில் லேசில் யாருக்கும் வராதது சவரிமுத்துவுக்கு வந்தது. சின்னம்மை. உடம்பெல்லாம் போட்டு வாழையிலையில் கிடந்தார். அந்த வீட்டு வாசலில் வேப்பிலை ஏறியது. வயிற்றுப் பிள்ளைக்காரி அந்தப் பக்கம் தலை வைக்கக்கூடாது. ஃப்ளோரன்ஸ் அப்பாவுக்குப் பணிவிடை செய்யப் போய்வந்துகொண்டிருந்ததால் அவளும் தங்கையைப் பார்க்கக்கூடாது. வளைகாப்பு தள்ளிப் போயிற்று. ஐரீனுக்கு மிச்சம் இருந்தது கீழ் வீட்டு ரஹீமுன்னிசாவும் அந்தக் கறுப்பு டப்பாவும்தான். காலை மாலை இரண்டு வேளையும் தாயும் மகளும் அதில்தான் பேசினார்கள். ரசம் வைத்தது, கால் வீங்கினது, பிள்ளை உதைத்தது எல்லாம்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து அருள்நாதன் மாடிப்படி ஏறி வந்தான். ஐரீன் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே திரும்பினாள். மேசை மேல் டப்பா கரகரத்தது.

"ஐரீனு, கேக்குதா? இந்தா, அந்த அருளு வந்தாருன்னா ஹென்றி பணம் அனுப்பிச்சது கினுப்பிச்சது எதையும் சொல்லிகினு இருக்காதே. வவுறு எரிவாரு. ஹென்றி தங்கமான புள்ள. இவரு மீசைய வச்சிகினு என்னாத்த கண்டாரு? மூத்த மாப்ளேன்னு தலையத் துன்னதுதான் மிச்சம்."

ஐரீன் ஓடி வந்து பொத்தானை அமுக்கினாள். "அம்மா, மாமா வந்துகீறாரு. பக்கத்துலதான் கீறாரு."

அப்புறம் ஆலிஸின் குரல் தேன் தடவிக்கொண்டு வந்தது. "மாப்ளே, சௌக்கியமா? நேத்துதான் உங்களப்பத்தி இவரு பெருமையா சொல்லிகினு இருந்தாரு."

"கேட்டேன் அத்தே" என்றான் அருள்நாதன். காபியைக் குடிக்காமல் எழுந்தான்.

"மாமா, அம்மா சும்மா எதனா பேசும். மனசுல வச்சிக்காதீங்க. அப்புறம், இதுல சத்தம் கம்மியாயிகினே வருது. கட்டை மாத்தணும்" என்றாள் ஐரீன்.

"நாளைக்கு எத்துகினு வரேன்."

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் வெறும் காகிதம்தான் இருந்தது. கடைசிக் கட்டைகள் டிரான்சிஸ்டருக்குள் பாடிக்கொண்டிருந்தன. கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கடையில் புதுசு வாங்கியிருக்கலாம். மீசையை வைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டான் என்று கேட்டவள் வீட்டுப் பேச்சுக்கா என்று நினைத்தான். ரேடியோவை அணைக்கவில்லை. சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான்.

துறைமுகத்தில் ஒரு கைவேலை உண்டு. பழைய கப்பல்களில் வின்ச்சு நீராவியில் ஓடும். அந்த நீராவிக் குழாய் மேல் செத்துப்போன டார்ச் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைப்பார்கள் காவல்காரர்கள். சூடு ஏறினால் செத்த கட்டைக்குக் கொஞ்சம் உயிர் வரும். ஒரு முறைக் காவலுக்கு வெளிச்சம் தரும். ஆனால் டூட்டி முடிந்ததும் டார்ச்சிலிருந்து கழற்றிக் கடாசிவிட வேண்டும். விட்டால் வாயில் நுரை தள்ளி ஒழுகி டார்ச்சையே தின்றுவிடும். இது அங்கே புதிதாக வந்த கூலிக்குக்கூடத் தெரியும். அருள்நாதன் பலரை அதற்காகத் திட்டியிருக்கிறான்.

மறுநாள் காவல்காரர் மாசானத்திடம் நீலச் சட்டை போட்ட செத்த நம்மூர்க் கட்டைகளைக் கேட்டு வாங்கினான். தன் வின்ச்சின் குழாய் மேலேயே வைத்துச் சூடு காட்டினான். சாயங்காலம் மாமியார் வீட்டு டப்பாவுக்கு வேண்டியதை வாசலில் நின்றே கொடுத்துவிட்டு, ஐரீன் மாடிக்குப் போய்ப் போனில் போட்டான். குரல் கணீரென்று வந்தது. ஐரீன் கை கூப்பினாள்.

"பேசினதும் கழட்டி வைக்கணுமா மாமா? அவரு சொன்னாரே."

அருள்நாதன் அவள் வயிற்றைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். கழட்டி வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஹென்றி சொன்னது சரி என்று ஆகிவிடும் போல அவனுக்கு இருந்தது. அதோடு, ஒழுகினால் ஒழுகட்டும், ஜப்பான் சாமானும் நாறும் என்று ஊரார் பார்க்கட்டும் என்று உள்ளே ஒரு குரல்.

"அவசரத்துல கழட்டி மாட்டிகினு இருப்பியா? அப்படியே உள்ளயே கெடக்கட்டும்" என்றான்.

இறங்கி வரும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்தவன் மாடிப்படியில் ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்த்தான். ஐரீனுடையது. மேலே கதவு திறந்தே கிடந்தது. சோற்றுப் பானை அடுப்பில் தீய்ந்திருந்தது. கறுப்பு டப்பா படிக்கட்டின் மேல்படியில், ஏரியல் முழுசாக நீட்டியபடி கிடந்தது. அருள்நாதன் பொத்தானை அமுக்கினான். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினான்.

கீழே ரிக்‌ஷா வந்து நின்றது. ரஹீமுன்னிசா இறங்கினாள். கணவன் மஜீதுக்குச் சோறு கொடுக்க வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போயிருந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்திருந்தது.

"இன்னா அருளு, இப்பத்தான் வர்றியா? கொறை மாசத்துலயே வலி வந்துட்ச்சி. நான் வரசொல்ல அந்தப் பொண்ணு படியில குந்திகினு அந்த டப்பாவ அமுக்கிகினே கீது. அம்மா, அம்மான்னு கத்துது. அந்தப் பக்கம் இன்னான்னு கேக்க ஆளில்ல. ரிக்‌ஷாவுல தூக்கிப் போட்டுகினு ஓடினோம். ஆஸ்பத்திரி கேட்டு தாண்டறதுக்கும் புள்ள வர்றதுக்கும் சரியாப் போச்சி."

அருள்நாதன் டப்பாவோடு கீழே இறங்கினான். "ஐரீனு?" என்றான்.

"ரெண்டும் உசுரோட கீது. பொட்டப் புள்ள. உள்ளங்கை அத்தனைதான் கீது, ஆனா கத்தற கத்து கேக்கணுமே! வெந்நீ வச்சி எத்துகினு போவணும். வழிய வுடு."

அவள் கொல்லைப்பக்கம் போய் வெந்நீர் அடுப்பை மூட்டினாள். அருள்நாதன் டப்பாவின் முதுகைத் திறந்தான். உள்ளே செம்புத் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. நீலக் கட்டைகள் வெள்ளை நுரை கக்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் நீராவிக் குழாயின் துரு இன்னும் ஒட்டியிருந்தது. அதை யாரும் பார்க்கக்கூடாது. அந்த நேரத்தில் அவனுக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். பிள்ளையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கட்டைகளைப் பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். விரல் எரிந்தது.

கொல்லையில் ரஹீமுன்னிசா ஃபிளாஸ்க் எடுக்க உள்ளே போயிருந்தாள். அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அருள்நாதன் கைக்குட்டையோடு அப்படியே உள்ளே தள்ளினான். எரிந்ததா என்று குனிந்தும் பார்த்தான்.

பட்டாசுக் கடையில் தீ விழுந்த சத்தம். சாம்பலும் கங்கும் அவன் முகத்தில் வந்து அடித்தன. வெந்நீர்க் குண்டான் கவிழ்ந்தது. முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது. தொட்டுப் பார்த்தான். மீசையில் ஒரு பக்கம் இல்லை.

"யா அல்லா! இன்னா நைனா, என் வூட்ல வெடி வச்சியா?" ரஹீமுன்னிசா ஓடி வந்து அவன் முகத்தில் குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்த்தாள். கண் தப்பித்திருந்தது. பிறகு குச்சியால் சாம்பலைக் கிளறினாள். வாய் பிளந்த ஒரு கட்டை உருண்டு வந்தது. நீலச் சட்டை பாதி எரியாமல் இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஹென்றி குடுத்துட்டுப் போனது செவப்பு. நான் பாத்தேனே. அது எங்க?"

அருள்நாதன் குனிந்து கவிழ்ந்த குண்டானை நிமிர்த்தினான்.

"மறுக்கா தண்ணி வைக்கணும் இப்போ" என்றாள் ரஹீமுன்னிசா. "நீ போய் ஆலிஸம்மாகிட்ட சொல்லு. தெருவுல நின்னே சொல்லு. காலையிலேர்ந்து போனை மடியில வச்சிகினு குந்திகீதாம் அது."

மீசையின் மறுபக்கத்தை அவனே வழித்தான். துறைமுகத்தில் கேட்டவர்களிடம் நீராவி அடித்துவிட்டது என்றான். ஃப்ளோரன்ஸிடமும் அதையேதான் சொன்னான். டிரான்சிஸ்டரிலிருந்த சிவப்புக் கட்டைகளைக் கழற்றி வைத்தான். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியவில்லை, திரும்பப் போடவும் முடியவில்லை. ரஹீமுன்னிசா எப்போது சொல்லப் போகிறாள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தான். ஐரீன் அவனைப் பார்த்ததும், "இன்னா மாமா, மீசை இல்லாம சின்னப் பையன் மாதிரி கீறீங்க" என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்தச் சிரிப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞானஸ்நானத்துக்கு ஹென்றி வந்துவிட்டான். சவரிமுத்துவும் தழும்போடு எழுந்து நடமாடினார். கோயிலிலிருந்து திரும்பிய கையோடு ஹென்றி அந்தப் போன் இரண்டையும் எடுத்துக்கொண்டு, "அண்ணே, செத்த மாடிக்கு வா" என்றான்.

மொட்டைமாடியில் முதுகைத் திறந்து பச்சை பூத்த தகட்டை நகத்தால் சுரண்டினான். கப்பல் இன்ஜினில் வேலை செய்கிறவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"சூடு காட்டின கட்டையாண்ணே?"

கடலைப் பார்த்துக்கொண்டே அருள்நாதன் தலையாட்டினான். திட்டுவான் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது. சட்டையைப் பிடித்தால் இவனும் பிடிப்பான், கணக்குத் தீரும்.

ஹென்றி நகத்தில் ஒட்டிய பச்சையை மாடிச் சுவரில் தேய்த்தான். பிறகு, "இது இனிமே ஆவாது" என்றான். ஏரியலை முறித்தான். இன்னொரு டப்பாவில் இருந்த நீலக் கட்டைகளையும் கழற்றினான். "இத எங்கயாவது பத்தரமா ஒழிக்கணும். யாரு கையிலயும் சிக்கக் கூடாது."

"கடல்ல வீசிடட்டா?" என்றான் அருள்நாதன்.

"வாணாம்ணே. அங்கேர்ந்துதான நமக்குக் கொடுவாத் தலை வருது. அடுப்புலயும் போடாத." சொல்லிவிட்டு ஹென்றி அவன் மேலுதட்டைப் பார்த்தான். அப்போதுதான் அருள்நாதனுக்குப் புரிந்தது. ஹென்றிக்கு எல்லாம் தெரியும்.

கட்டைகளைக் காய்ந்த பால்மாவு டின்னில் போட்டு மூடியை இறுக்கினார்கள். அடிபம்புக்கு எட்டத்தில், ரயில்வே சுவரோரம் அருள்நாதனே குழி வெட்டினான். ஆழமாக வெட்டினான்.

கீழே இறங்கியதும் ஆலிஸ் கேட்டாள். "இன்னாத்துக்கு அன்னைக்கு அது பேசாம பூட்ச்சி மாப்ளே?"

"உப்புக் காத்து பட்டுட்ச்சி அத்தே" என்றான் ஹென்றி. "ஜப்பான்காரன் நம்ம ராயபுரத்துக் காத்தக் கண்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள். அருள்நாதனும் சிரிக்க வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கொடுவா இருந்தது. ஆலிஸ் கரண்டியோடு நேராக அருள்நாதனிடம் வந்தாள். "அன்னைக்கு மாறிப் பூட்ச்சி. இன்னிக்கு மூத்தவருக்குத்தான்." தலை அவன் தட்டில் விழுந்தது. பெரிய தலை. எத்தனை நாளாக அதற்காக எரிந்தானோ அந்தத் தலை, வாய் பிளந்து அவனைப் பார்த்தது.

அருள்நாதன் கையை வைக்கவில்லை. எழுந்தான். பாயின் ஓரத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐரீனின் தட்டில் அதை அப்படியே கவிழ்த்தான்.

"இன்னா மாப்ளே இது! பொம்பளைக்குப் போயி தலையா?" ஆலிஸ் கரண்டியை ஓங்கினாள்.

"புள்ள பெத்தவ துன்னட்டும்" என்றான் அருள்நாதன்.

ஐரீன் தட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்னத்துச் சதையை முதலில் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாக மென்றாள். மென்றுகொண்டே, அவனைப் பார்க்காமல், "நல்லாகீது மாமா. வர்ற வாரமும் குடுங்க" என்றாள்.

ரஹீமுன்னிசா சொல்லிவிட்டிருக்கிறாள். எல்லாருக்கும் இல்லை, சொல்ல வேண்டியவர்களுக்கு மட்டும்.

எதிரே ஹென்றி பிள்ளையை வாங்கி மூக்கால் மூக்கை உரசிக்கொண்டிருந்தான். அருள்நாதன் வெறும் குழம்பைச் சோற்றில் பிசைந்தான். அன்றைக்கும் அவனுக்கு வயிறு எரிந்தது. கப்பலுக்காக இல்லை, போனுக்காக இல்லை, தலைக்காகவும் இல்லை. இந்தத் தப்பை ஹென்றி செய்திருந்தால், தான் அவனைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போமா என்று யோசித்துப் பார்த்தான். இருந்திருக்க மாட்டான். அதற்காக எரிந்தது.